அண்ணன் தலைமுழுகிய தங்கை

கர்த்தருக்குள் அன்பான உற்றார் உறவினருக்கும், அம்மாவோடு சேற்றில் நின்று நாற்று நட்டவர்களுக்கும் மகள் எழுதிக்கொள்வது. அம்மா எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. நினைவு மலரில் நல்லதை மட்டும் எழுத வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அம்மா பட்ட அடிகளை விட்டுவிட்டால் பாதி வாழ்க்கை காணாமல் போய்விடும். அதனால் நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன்.

அம்மா பூதலூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் பிறந்தார்கள். கூடப்பிறந்தவர் ஒரே அண்ணன், என் மாமா. தங்கையின் கல்யாணச் சேலைக்காகக் கடை கடையாக ஏறி இறங்கியவர். என் அப்பா காய்ச்சலில் தவறியபோது எங்கள் இருவரையும் ஊருக்கு அழைத்து வந்து, தன் வயலுக்கு அடுத்த வயலைக் குத்தகைக்குப் பிடித்துக் கொடுத்தவரும் அவரே. அந்தப் பாசத்தை நான் மறைக்க மாட்டேன்.

கூட நடவு நட்ட ஒரு அம்மாள் அழைத்துத்தான் அம்மா ஜெபக் கூட்டத்துக்குப் போனார்கள். பிறகு ஞானஸ்நானம் பெற்றார்கள். அந்த ஆடியில் ஊரார் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டி, வீட்டுக்கு வீடு பொங்கல் பானை வைத்தார்கள். எங்கள் வீட்டில் மட்டும் வைக்கவில்லை. "சொந்தத் தங்கச்சிய அடக்க முடியல, நீயெல்லாம் பஞ்சாயத்துப் பேச வந்துட்டே" என்று நாலு பேர் நடுவில் யாரோ மாமாவைச் சீண்டிவிட்டார்கள்.

மாமா நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மாவின் தலைமுடியைப் பிடித்துத் தரதரவென்று களத்துக்கு இழுத்துப் போனார். அங்கே கிடந்த மண்வெட்டியைத் திருப்பிப் பிடித்துக் காம்பால் அடித்தார். முதல் அடி வாயில் விழுந்தது. பல் உடைந்து இரத்தம் கொட்டியது. அடுத்த அடியைத் தடுக்க அம்மா வலது கையைத் தூக்கினார்கள். எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. "இனிமே அங்க போவியா? போவியா?" என்று கேட்டுக் கேட்டு அடித்தார். "அண்ணே, வேணாம்ண்ணே" என்று அம்மா கதறினார்களே தவிர, போகமாட்டேன் என்று சொல்லவே இல்லை. ஊரே நின்று பார்த்தது, ஒருவரும் தடுக்கவில்லை. காம்பு உடைந்ததால்தான் அடி நின்றது.

பிறகு மாமா ஆற்றில் இறங்கித் தலைமுழுகினார். "எனக்குத் தங்கச்சி செத்துட்டா" என்று ஈர வேட்டியோடு கரையில் நின்று சொன்னார். தலைமுழுகிவிட்டால் அதோடு உறவு அற்றது. பொங்கல் சீர் கிடையாது. செத்தால் பிறந்த வீட்டிலிருந்து கோடிச் சேலையும் வராது. அது போதாதென்று எங்கள் நாற்றங்காலில் யாரோ களைக்கொல்லி அடித்துவிட்டார்கள். நாற்று முழுவதும் கருகிப் போயிற்று.

ஆஸ்பத்திரிக்கு வந்த ஏட்டிடம் அம்மா வீங்கிய வாயோடு, "அடிச்சது எங்கண்ணன்தாங்க. ஆனா கேஸ் வேணாங்க" என்றார்கள். கை கோணலாகவே கூடியது. நாங்கள் பூதலூருக்கு வாடகை வீடு பார்த்துப் போனோம். அங்கே ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில் போதகர் ஐயா அம்மாவைச் சாட்சி சொல்ல மேடைக்கு அழைத்தார். "இந்தக் காயம் கர்த்தர் உங்களுக்குக் குடுத்த கிரீடம்மா" என்றார்.

அம்மா மைக்கை வாங்கினார்கள். "காயம் குடுத்தது எங்கண்ணன், ஐயா. அதைக் கர்த்தர் மேல போடாதீங்க. அடிக்கச் சொல்லி அவரு ஆள் அனுப்பல. அடிபட்டுக் கெடந்த எடத்துக்கு அவரு வந்தாரு. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." பந்தலில் ஒருவரும் அல்லேலூயா சொல்லவில்லை.

ஒவ்வொரு பொங்கலுக்கும் அம்மா மாமா வீட்டு வாசலில் போய் நிற்பார்கள். வசவு வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். ஒரு வருடம் மாமா கொதிக்கிற கஞ்சியை எடுத்து வீசினார். கழுத்துத் தோல் உரிந்து வந்தது. அடுத்த பொங்கலுக்கும் கிளம்பியபோது நான் கதவை மறித்துக்கொண்டேன்.

"உனக்கு ரோஷமே இல்லையாம்மா?"

"ரோஷம் இருக்கப் போயிதான்டி போறேன். நான் போகலன்னா, தங்கச்சி செத்துட்டான்னு அவரு நிம்மதியா இருந்துருவாரு. நான் உசுரோடதானே இருக்கேன்?"

இரங்கல் கூட்டத்தில் அம்மாவைச் சாது என்று பலர் பேசினார்கள். அம்மா சாது இல்லை.

புற்றுநோயில் படுத்து, பேச்சு அடங்கும் முன் அம்மா சொன்னது இதுதான்: "மாமாவுக்குச் சொல்லி விடு. வர்றதும் வராததும் அவரு பாடு." எனக்கு மனமே இல்லை. ஆனாலும் சொல்லி அனுப்பினேன்.

அடக்கத்தன்று பெட்டியை மூடப்போகும் நேரத்தில் மாமா கோடிச் சேலையோடு வந்தார். சபையார் எழுந்து வழியை மறித்தார்கள். அவர் என்னைப் பார்த்து, "தலைமுழுகுனவன் கோடி போடலாமா, பாப்பா?" என்று கேட்டார். எனக்கு அவர் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருந்தது.

"உங்க தங்கச்சி இப்பதான் செத்திருக்காங்க. போடுங்க" என்றேன்.

அவர் சேலையைப் போர்த்திவிட்டுப் பெட்டியின் மேலேயே விழுந்து அழுதார்.

அன்று களத்திலிருந்து அம்மாவை டிராக்டரில் தூக்கிப்போட்டு ஆஸ்பத்திரி கொண்டுபோன நடவுக்கார அம்மாளுக்கும், கட்டுப்போட்ட நர்சுகளுக்கும், மேடையில் சொன்னதற்காகப் பிறகு எங்கள் வீடு தேடி வந்து வருத்தம் தெரிவித்த போதகர் ஐயாவுக்கும், கடைசி நாட்களில் முறை வைத்து உடனிருந்த சபைப் பெண்களுக்கும் என் நன்றி.

மாமா, உங்களுக்கும் ஒன்று. அம்மா உங்களை மன்னித்தது அம்மாவின் காரியம். நான் இன்னும் மன்னிக்கவில்லை. ஓராண்டு நினைவு ஆராதனை முடிந்ததும் பந்தி உண்டு. வந்து உட்காருங்கள். உங்கள் இலைக்கு நான்தான் பரிமாறுவேன்.