வளையல்தானே!

அம்பத்தூரில் எங்கள் மாடியில் குடியிருக்கும் வங்காளிப் பெண்ணுக்குப் புத்தி பேதலித்துப்போய், அவசரமாக மனநல வார்டில் சேர்த்தோம். பாதுகாப்புக்கென்று நர்ஸ் அவளுடைய வெள்ளைச் சங்கு வளையல்களைக் கழற்றினார். அவள் கதறினாள்.

“முரண்டு பிடிக்குது பாருங்க” என்று நர்ஸ் ஊசியை எடுத்தார்.

வார்டுக்கு வெளியே நின்ற அவள் கணவன் அரைகுறைத் தமிழில் என்னிடம் சொன்னான்: “அக்கா, நான் செத்தாதான் அது கழட்டுவாங்க.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “பக்கத்துக் கட்டில் அம்மா தாலிய மட்டும் வுட்டு வச்சிகீறீங்களே?” என்று நர்ஸிடம் கேட்டேன்.

“அது தாலிம்மா. இது வளையல்தானே!”

வெறும் மணிக்கட்டைத் தடவிக்கொண்டே அவள் தூங்கிப்போனாள். பெண்கள் வார்டாம், உயிரோடு நின்றவனை அவள் கண்ணில் காட்டக்கூட விடவில்லை.

இப்போதும் யாராவது ‘தானே’ என்றால் எனக்கு எரிகிறது.