அறுநூறு கேலன் கடல்

1975 மே மாதம், ராஜா அண்ணாமலைபுரத்துக் குழாய்கள் காற்றை மட்டும் விட்டுக்கொண்டிருந்தபோது, பாத்திரக் கடை பொன்ராஜின் வீட்டுக் கூடத்தில் அறுநூறு கேலன் தண்ணீர் இருந்தது. அதை அவர் ஒளித்து வைக்கவில்லை. தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாகப் பார்க்கலாம். எட்டடி நீளம், நாலடி அகலம், மூன்றடி ஆழத்தில் தண்ணீர் வெயில் பட்டுத் தளதளத்துக்கொண்டிருக்கும். குடத்தோடு போகிறவர்கள் நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள்.

பொன்ராஜ் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். ரங்கநாதன் தெருவில் எவர்சில்வர் விற்று வீடு கட்டியவர். சீட்டு, சினிமா, அரசியல் எதிலும் நாட்டமில்லாத அந்த மனிதரைக் கெடுத்தது ஒரு காலண்டர். 1971-இல் ஏதோ வெளிநாட்டுக் கப்பல் கம்பெனியின் காலண்டரை ஒரு வாடிக்கையாளர் கடையில் கொடுத்துவிட்டுப் போனார். செப்டம்பர் தாளில் கடலடிப் பவளப்பாறை ஒன்றின் படம். ஆரஞ்சு, ஊதா, மஞ்சள் என்று மீன்கள். அக்டோபர் வந்தும் பொன்ராஜ் தாளைத் திருப்பவில்லை. தீபாவளிக் கூட்டம் வந்து போனது. கடையில் செப்டம்பரே நடந்தது. பொங்கலுக்குள் அவர் முடிவு செய்துவிட்டார்: இந்தப் படம் அப்படியே வீட்டுக் கூடத்தில் உயிரோடு இருக்க வேண்டும்.

முதல் தொட்டியை இரும்புச் சட்டத்தில் கண்ணாடி பதித்துக் கட்டினார். உப்பு இரும்பைத் தின்றது. ஒரு ஞாயிறு மதியம் தொட்டி பிளந்து, கூடத்து மர பீரோ சமையலறை வாசல் வரை நகர்ந்தது. அவர் மனைவி சுந்தரவல்லி மீன்களைச் சோற்றுப் பானையில் பொறுக்கிப் போட்டுவிட்டு, “உங்களுக்குக் கோட்டி புடிச்சிருக்கு” என்றாள். பொன்ராஜ் இரண்டாவது தொட்டியை மூன்று பக்கம் சிமெண்டிலும், கூடத்தைப் பார்த்த தெற்குப் பக்கம் மட்டும் கடை முகப்புக் கண்ணாடி கனத்துக்கு ஒரே கண்ணாடியிலும் கட்டினார். பவளத்துக்கு வெயில் வேண்டும் என்பதால் தொட்டியின் மேற்கு முனைக்கு நேராக மொட்டை மாடித் தளத்தை உடைத்துக் கண்ணாடி பதித்தார். நல்ல வீட்டில் ஓட்டை போடச் சொன்ன முதல் ஆள் இவர்தான் என்று கொத்தனார் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தார்.

கடல்நீர் கொண்டுவந்தவர் ஊரூர் ஒல்காட் குப்பத்து தேசப்பன். கட்டுமரத்தில் அலை தாண்டிப் போய் மொண்டு, பீப்பாய்களில் ஊற்றி, மாட்டு வண்டியில் அடையாறு பாலம் வழியாக ஓட்டி வருவார். மீன் பிடித்துத் தரும் வேலையும் அவருக்கே. பொன்ராஜ் காலண்டரை அவர் முன் விரித்துக் காட்டினார்.

“இந்த மீனா? இதைத் துன்ன முடியாதே, நைனா.”

“திங்கதுக்கு இல்ல. உயிரோட வேணும்.”

“கருவாடு கேளு, தரேன். மீனை உயிரோட வித்து எனுக்குப் பழக்கமில்ல.” தேசப்பன் படத்தை மறுபடி பார்த்தார். “இது எந்தப் பக்கம் நீஞ்சுது, வலப்பக்கமா? அப்டியே வேணுமா, இல்ல இடப்பக்கம் போனாலும் ஒத்துக்குவியா?”

இங்கே கிடைக்காததைத் தேடி பொன்ராஜ் ஊருக்குப் போனார். பவளம் படர்ந்த பாறைகளையும், ஒரு பெரிய கடல் சாமந்தியையும் ஈரச் சாக்கில் சுற்றி அண்டாவில் வைத்து ரயிலில் ஏற்றி வந்தார். கடல் சாமந்தி என்பது பூ மாதிரி விரிகிற ஒரு பிராணி. தொட்டால் சுருங்கும்; தொட்ட இடம் எரியும். இரண்டு முறை எல்லாம் செத்து, மூன்றாவது முறை பிழைத்தது. 1974 முடிவில் கூடத்துத் தொட்டியும் செப்டம்பர் தாளும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தன.

மின்சாரம் போய்க் காற்று மோட்டார் நின்றால், காற்றடைத்த லாரி டியூபிலிருந்து தண்ணீருக்குக் காற்று. உப்பை அளக்கப் பால்மானி. பாலில் தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்க்க வீடுகளில் வைத்திருக்கிற அதே கண்ணாடிக் குழல்தான். கடல்நீரில் மிதக்கவிட்டால் அது கலப்படமில்லாத பசும்பால் என்று காட்டும். வெயிலில் தண்ணீர் ஆவியாகப் போகும். உப்பு போகாது. பால்மானி ஏறினால் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும். கோடையில் தினமும் இரண்டு குடம். கடலுக்கு நல்ல தண்ணீர் தேவைப்படும் என்று அதுவரை பொன்ராஜுக்கே தெரியாது.

அந்தக் கோடையில் தெருவுக்கு லாரியில்தான் தண்ணீர் வந்தது. வரிசையை நடத்தியவர் நாலாவது வீட்டு விசாலாக்ஷி மாமி. யார் குடம் எங்கே என்பது அவர் சொன்னால் சொன்னதுதான். ஒரு நாள் பொன்ராஜ் குடத்தோடு வரிசைக்கு வந்தார்.

“உங்காத்துலதான் தெப்பக்குளமே இருக்கே. இங்க எதுக்குக் குடத்தைத் தூக்கிண்டு வரேள்?”

“அது உப்புத் தண்ணி, மாமி.”

வரிசை முழுவதும் சிரித்தது. தண்ணீர் கேட்டு வருகிறவர்களிடம் ஊர் முழுக்கச் சொல்லப்பட்ட பதில் அது. ‘எங்க கிணறு உப்பு.’ விசாலாக்ஷி மாமியே அன்று காலை அடுத்த வீட்டுக்காரியிடம் அதைத்தான் சொல்லியிருந்தார்.

வேறு வழியில்லாமல் பொன்ராஜ் எல்லோரையும் கூடத்துக்கு அழைத்துப் போனார். பால்மானியை மிதக்கவிட்டுக் காட்டினார். அது பால் என்று காட்டியதால் சந்தேகம் கூடியது. பிறகு ஆளுக்கு ஒரு டம்ளரில் மொண்டு கொடுத்தார். பின்தெருவிலிருந்து வந்த ஒரு பெண் முழுசாகக் குடித்துவிட்டு, “எங்க போரிங் தண்ணிக்கு இது எவ்ளோ மேல்” என்றாள். மாமி மட்டும் வாசலுக்கு ஓடிப்போய்த் துப்பிவிட்டு வந்தார்.

“சரி, சமுத்திர ஜலம்தான். ஒத்துக்கறேன். அப்போ லாரித் தண்ணி ரெண்டு குடம் கூடுதலா யாருக்கு?”

பொன்ராஜ் வியாபாரத்தில்கூடப் பொய் சொல்லிப் பழகாதவர். “இந்தத் தொட்டியில ஊத்ததுக்குத்தான், மாமி.”

“குடிக்கற தண்ணியைக் கொண்டுபோய் சமுத்திரத்துல கொட்டப்போறேளா?”

தண்ணீரைப் பதுக்குகிறவர் என்று சந்தேகப்பட்டபோது தெரு அவர்மேல் வருத்தம்தான் பட்டது. இப்போது கொதித்தது. அன்றே தீர்ப்பாயிற்று: பொன்ராஜ் வீட்டுக்கு வயிற்றுக்கு மட்டும்தான் தண்ணீர்.

“பதுக்கி வச்சிருக்கேன்னு ஒத்துக்கிட்டிருந்தாக்கூட ரெண்டு திட்டோட போயிருக்கும்” என்றாள் சுந்தரவல்லி. “உண்மையைச் சொல்லிக் கெடுத்துட்டீங்க.”

பால்மானி ஏறத் தொடங்கியது. கடல் சாமந்தி சுருங்கிப் பழைய துணி மாதிரி ஆயிற்று. பாறையின் ஓரங்களில் பவளம் வெளுத்தது. குளிக்க வைத்திருந்த அரைக் குடத்தைப் பொன்ராஜ் தொட்டியில் ஊற்றிவிட்டுக் குளிக்காமல் கடைக்குப் போனார். நாலு வருஷ வேலை. நல்ல தண்ணீர் கிடைக்காவிட்டால் இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று கணக்குப் போட்டார்.

அந்த வாரம் மாமியே வீடு தேடி வந்தார். கூடவே மயிலாப்பூரிலிருந்து சேஷு கனபாடிகள். மழைக்காக வருண ஜபம் செய்ய வேண்டும் என்று தெருவில் பணம் திரட்டியிருந்தார்கள். கழுத்தளவு நீரில் உட்கார்ந்து ஜபிப்பது முறை. ஆனால் கோயில் குளத்தில் கிரிக்கெட் நடந்துகொண்டிருந்தது. கிணறுகளில் கணுக்கால் நனையவில்லை. கழுத்தளவு தண்ணீர் அந்த வட்டாரத்தில் ஒரே ஓர் இடத்தில்தான் இருந்தது.

கனபாடிகள் தொட்டியைச் சுற்றிப் பார்த்தார். கனத்த சரீரம். “வருணன் யார்? சமுத்திர ராஜன். இது சாட்சாத் அவன் ஜலம். இதைவிட உசத்தி எங்க கிடைக்கும்?”

“மீன் இருக்கே?” என்றார் பொன்ராஜ்.

“குளத்துல இல்லையா?”

“இதுங்க இறால் திங்கும், சாமி.”

இது மாமிக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தார். “வியாழக்கிழமை பூரா எதுவும் போடாதேங்கோ. அதுகளும் விரதம் இருக்கட்டும்.”

பேரம் நடந்தது. ஜபத்துக்குத் தொட்டி. பதிலுக்குத் தினம் இரண்டு குடம். கனபாடிகள் விபூதி, சந்தனம், எண்ணெய் எதுவும் பூசாமல் இறங்க வேண்டும் என்று பொன்ராஜ் நிபந்தனை போட்டார். ஒரு சைவப் பழம் உடம்பில் விபூதியில்லாமல் ஜபத்துக்கு உட்காருவதா என்று கனபாடிகள் தயங்கி, பிறகு மழையை நினைத்து ஒத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை கூடத்தில் தெருவே இருந்தது. கனபாடிகள் முக்காலி போட்டு ஏறி, தொட்டிக்குள் போட்டிருந்த மணையில் உட்கார்ந்தார். நாலைந்து குடம் கடல் விளிம்பைத் தாண்டிக் கூடத்தில் ஓடியது. பொன்ராஜ் கண்ணை மூடிக்கொண்டார். பார்க்க வந்த தேசப்பன், “நானு ஒரு வண்டி இட்டாரேன், நைனா, கலங்காத” என்று முணுமுணுத்தார்.

வருணனுக்கு உரிய திசை மேற்கு. கனபாடிகள் மேற்கு பார்த்துத்தான் தொடங்கினார். மேற்கு முனையில் பாறையும் கடல் சாமந்தியும் இருந்தன. சிறிது நேரத்தில் முழங்கால் அதில் பட்டது. மந்திரத்தின் நடுவே அவர் குரல் ஒரு சுருதி ஏறியது. நிறுத்தக் கூடாது. உட்கார்ந்தபடியே நகர்ந்து, தெற்கே கண்ணாடியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அப்போது சாம்பல் நிறக் கிளாத்தி மீன் வந்தது. உள்ளங்கை அளவுதான், ஆனால் சிப்பியை உடைக்கிற பல். முந்தின நாள் முழுக்கப் பட்டினி. அது அவருடைய வலது முழங்காலை எடுத்துக்கொண்டது. ஜபம் வேகம் பிடித்தது. மெதுவாகப் போக வேண்டிய இடங்கள் எல்லாம் மெயில் வண்டி மாதிரி போயின. இப்படியொரு ஆவேசத்தைத் தான் கண்டதில்லை என்று மாமி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

வெளியே வந்த கனபாடிகள் வேட்டியைப் பிழிந்தபடி பொன்ராஜிடம் தணிந்த குரலில் சொன்னார்: “ஓய், அந்தச் சாம்பல் மீன் போன ஜன்மத்துல எனக்குப் பங்காளி.”

மறுநாள் சாயங்காலம் இடி இடித்தது. தெருவில் எல்லோரும் மாடி ஏறினார்கள். மேகம் தலைக்கு மேலே வந்து, நின்று, தெற்கே நகர்ந்து, அடையாற்றைத் தாண்டி பெருங்குடியில் கொட்டித் தீர்த்தது. அங்கே ஏரி அரைவாசி நிரம்பியது என்றார்கள். ராஜா அண்ணாமலைபுரத்தில் புழுதி அடங்கவில்லை.

“நம்ம பணம், நம்ம ஜபம், மழை பெருங்குடிக்கா?” விசாலாக்ஷி மாமி ஞாயிறு காலையே பொன்ராஜ் கூடத்தில் நின்றார். காரணத்தை அவர் இரவே கண்டுபிடித்திருந்தார். “தெக்க பார்த்து உக்காந்தார். தெக்க பேஞ்சுது. அந்தப் பாறையை எடுத்துடுங்கோ. வர்ற வெள்ளிக்கிழமை அவர் மேற்க பார்த்து உக்காரணும்.”

“அதை எடுக்க முடியாது, மாமி. வெயில் விழுத இடம் அது ஒண்ணுதான். நகத்தினா எல்லாம் செத்துரும்.”

“அப்படின்னா ரெண்டு குடமும் கிடையாது.”

பொன்ராஜ் பாறையைப் பார்த்தார். ஒரே நாள் கிடைத்த இரண்டு குடத்தில் கடல் சாமந்தி பாதி விரிந்திருந்தது. பாறையை எடுத்தால் வெயில் இல்லாமல் சாகும். எடுக்காவிட்டால் உப்பு ஏறிச் சாகும். “முடியாது” என்று இன்னொரு தடவை சொன்னார். அவர் யாரையும் எதிர்த்துப் பேசி சுந்தரவல்லி அதுவரை கேட்டதில்லை.

செவ்வாய்க்கிழமை வாசலில் ஒரு மாட்டு வண்டி வந்து நின்றது. வண்டியில் நாலு பீப்பாய். தேசப்பன் வண்டியல்ல. ஓட்டி வந்தவர் பெருங்குடி விவசாயி கபாலி. தேசப்பனின் மனைவி தேசம்மா பெருங்குடியில் கூடை மீன் விற்கிறவள். அவள் வாயால் ஜபக் கதை அந்த ஊர் முழுக்கப் போயிருந்தது.

“தண்ணிக்குள்ள குந்தி ஜபம் பண்ண வூடு இதானா?” என்றார் கபாலி. “ஐயரு எந்தப் பக்கம் பாத்துக் குந்தினாரு?”

“தெக்க.”

“அதைப் பாக்கத்தான் வந்தேன்.” உள்ளே போய்த் தொட்டியையும், பாறையையும், சூரிய வெளிச்சம் விழுகிற ஓட்டையையும் பார்த்தார். “அந்தக் கல்லு இருந்ததாலதான் திரும்புனாராமே?”

“ஆமா.”

“கல்லு அங்கியே இருக்கட்டும். யாரும் கை வெக்கக் கூடாது. ஏரி இன்னும் பாதி பாக்கி கீது.” வாசலைக் காட்டினார். “பீப்பாயில நல்ல தண்ணி. ஊர்ல எல்லாருமாச் சேந்து அனுப்பினது. வாராவாரம் வரும்.”

அதற்குள் விசாலாக்ஷி மாமி வந்துவிட்டார். அநியாயம் என்று ஆரம்பித்தவர், பீப்பாய் மூடியைத் திறந்து ஒரு கை மொண்டு வாயில் விட்டுப் பார்த்தார். துப்பவில்லை. இன்னொரு கை மொண்டார்.

“வாரத்துக்கு நாலு பீப்பாய்தானா?”

“ஆறு தரலாம், மாமி. வண்டி பெருசு வேணும்.”

“எட்டு” என்றார் மாமி. “இவாத்துக்கு ஒண்ணு. பாக்கி ஏழு தெருவுக்கு. பாறை இருந்துட்டுப் போகட்டும்.”

கபாலி தலையாட்டினார். பொன்ராஜிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. அவர் முதல் குடத்தைத் தொட்டியில் ஊற்றிவிட்டுப் பால்மானியை மிதக்கவிட்டுக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

கனபாடிகளுக்கு ஆள் அனுப்பினார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை அவர் வந்து, முழங்கால் இரண்டுக்கும் வாழைமட்டை கட்டிக்கொண்டு, தெற்கு பார்த்து உட்கார்ந்தார்.