கருவாட்டுக் கட்டுரையின் மேன்முறையீடு

ஆய்விதழுக்கான மேன்முறையீடு மின்னஞ்சலில்தான் வரவேண்டும் என்பது விதி. வெள்ளவத்தையில் அது மீன்கடைக்கும் வரும், கோயில் வரிசைக்கும் வரும். காலி வீதியோரம் மூன்றாம் மாடியில் நடக்கும் ஓர் ஆய்விதழில் கட்டுரைகளை மதிப்பீட்டுக்கு அனுப்பி, முறைப்பாடுகளையும் கவனிப்பவள் றஞ்சிதம். கட்டுரை நிராகரிக்கப்பட்டவர்களின் மனைவிமாரிடம் அவள் வாங்கிக் கட்டாத இடமில்லை. ஆனாலும் பாம்பும் சாகாமல் தடியும் முறியாமல் பதில் எழுதுவதில் அவளை மிஞ்ச ஆளில்லை. புருசன் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகள் சாப்பிடுவது இந்த வேலையால்தான். வேலையோ வருடா வருடம் நீடிக்கப்படுவது. நீடிப்பில் கையெழுத்திடுபவர் ஆசிரியர் குழுத் தலைவர், பேராசிரியர் பரஞ்சோதிநாதன்.

இந்த முறை மேன்முறையீடு அவரிடமிருந்தே வந்தது.

புறக்கோட்டைக் கருவாட்டு வணிகம் பற்றி அவர் எழுதிய கட்டுரையைப் பெயர் தெரியாத மதிப்பீட்டாளர் ஒருவர் கிழித்துத் தொங்கவிட்டிருந்தார். ‘இத்துறையின் முன்னோடியான பேராசிரியர் பரஞ்சோதிநாதனின் நூலைக் கட்டுரையாளர் தொட்டும் பார்த்ததில்லை’ என்று வேறு எழுதியிருந்தார். பேராசிரியர் கொதித்துப்போனார். அந்த ஆள் கட்டுரையில் ஒரு சொல்லும் வாசிக்கவில்லை, உடனே விலக்கவேண்டும் என்பது அவருடைய முறைப்பாடு.

றஞ்சிதம் கணினியில் மதிப்பீட்டாளரின் பெயரைத் தேடினாள். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. அந்த மதிப்பீட்டாளரும் இதே பேராசிரியர் பரஞ்சோதிநாதன்தான்.

பிழை அவளுடையது. கட்டுரை வந்த அன்றே விதிப்படி பெயரை நீக்கி இலக்கம் போட்டிருந்தாள். மாதக்கணக்கில் கிடந்து அதன் முறை வந்தபோது யாருடையது என்பது அவளுக்கே மறந்துபோயிற்று. கருவாட்டுக்கு எங்கள் பேராசிரியரை விட்டால் யார் என்று அவருக்கே அனுப்பிவிட்டாள். அவரும் வழக்கம்போலத் திறந்தும் பாராமல், எல்லாருக்கும் எழுதுவதையே எழுதி நிராகரித்துவிட்டார். வேலை போகப்போகிறது என்பது அவளுக்கு உறுதியாயிற்று.

பதில் எழுதுவதற்குள் பேராசிரியர் நேரிலேயே வந்துவிட்டார். மாடி ஏறிய மூச்சும் கோபமுமாக உட்கார்ந்தார்.

“ஆரெண்டு சொல்லுங்கோ பிள்ளை. பேர் தெரியாம நான் இஞ்சையிருந்து எழும்பமாட்டன்.”

மதிப்பீட்டாளர் யாரென்று எழுதியவருக்குச் சொல்லக்கூடாது. இருவரும் ஒரே நாற்காலியில் இருந்தால் என்ன செய்வது என்று விதியில் இல்லை.

“சேர், அது நீங்கள்தான்.”

அவர் மதிப்பீட்டை வாங்கி வாசித்தார். நடை நன்றாக இருக்கிறதென்று தலைகூட ஆட்டினார். பிறகு முறைப்பாட்டை மீளப்பெறுவதாக மெல்லச் சொன்னார்.

அங்கேதான் றஞ்சிதத்துக்குக் கோபம் வந்தது. மீன்கடையில் அவள் கேட்ட ஏச்சில் பாதி, இவர் வாசிக்காமல் நிராகரித்த கட்டுரைகளுக்கானது.

“ஏலாது சேர். நீங்கள் எழுதினது உண்மை. அந்த ஆள் வாசிக்கேல்ல.”

முறைப்பாடு ஏற்கப்பட்டது, மன்னிக்கவும் என்று ஒரு கடிதம். இனி உங்கள் மதிப்பீடு வேண்டாம் என்று இன்னொன்று. இரண்டையும் அவர் கையிலேயே கொடுத்தாள். போவதுதான் போகிறது என்று தன்னுடைய வேலை நீடிப்புக் கடிதத்தையும் முன்னால் வைத்தாள்.

இது வேறு யாருக்கும் தெரியுமா என்று கேட்டார். தெரியாது என்றாள். அவர் இரண்டு கடிதங்களையும் மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு பேனையை எடுத்து, ‘ஒரு வருடம்’ என்றிருந்ததை வெட்டி ‘நிரந்தரம்’ என்று எழுதிக் கையெழுத்திட்டார்.

“நீங்களே இருங்கோ பிள்ளை. புதுசா வாற ஆள் என்ர பழைய மதிப்பீடெல்லாத்தையும் வாசிச்சுப் போடும்.”