படகேறிப் போகும் தீவு

கல்யாணம் முடிந்து மதுரையிலிருந்து கொல்கத்தாவுக்கு, பிரபுவின் அப்பா அம்மா வீட்டுக்கு வந்திருக்கிறோம். தேனிலவுக்கு இங்கிருந்து அந்தமான் போவதாகத் திட்டம். எந்தத் தீவு என்பதில்தான் சிக்கல். பிரபு ஆசைப்படும் தீவுக்குப் படகில்தான் போக வேண்டும். எனக்கோ படகென்றாலே உயிர் நடுங்கும்.

முதலில் இங்குள்ள ஆற்றைக் கடந்து பார்ப்போம் என்று கார்டன் ரீச் படகுத்துறையில் படகேறுகிறோம். கிளம்பியதுமே அது ஒரு பக்கம் சாய்கிறது. பிரபுவின் சட்டையை இறுகப் பிடிக்கிறேன்.

"முடியலன்னா விடு. ஃபிளைட் இறங்குற போர்ட் பிளேர்லயே தங்கிக்கலாம்" என்கிறான்.

எதிரே உட்கார்ந்திருக்கும் பெங்காலி அம்மா என் மஞ்சள் கயிற்றைப் பார்த்து, "நோதுன் பௌ?" என்கிறார். புதுப்பெண்ணா என்று கேட்கிறாராம், பிரபு சொல்கிறான். தலையாட்டுகிறேன். உடனே அவர், இனிப்புத் தயிர் நிறைந்த மண்சட்டியை என் மடியில் வைத்து ஏதோ சொல்கிறார்.

"அவங்க மாப்பிள்ளைக்குக் கொண்டுபோறாங்களாம். சிந்தாம பிடிச்சுக்கச் சொல்றாங்க."

இரண்டு கையாலும் பிடித்துக்கொள்கிறேன். படகு ஆடும்போதெல்லாம் சட்டியை மட்டுமே பார்க்கிறேன். நிமிர்ந்தால் அக்கரை வந்திருக்கிறது.

சட்டியை வாங்கிக்கொண்டு என் கன்னத்தைத் தொடுகிறார். எனக்குப் பெங்காலி தெரியாது. "ரொம்ப நன்றிம்மா" என்று தமிழிலேயே சொல்கிறேன். புரிந்ததுபோல் சிரித்துவிட்டுப் படியேறிப் போகிறார்.

"இப்ப சொல்லு, எந்தத் தீவு?"

"நீங்க ஆசைப்பட்டதுதான். முதல்ல திரும்பிப் போக டிக்கெட் எடுப்போம்."

பயம் இன்னும் போகவில்லை. ஆனாலும் வரிசையில் பிரபுவுக்கு முன்னால் நான்தான் நிற்கிறேன்.