கிணற்றடிச் சிறுமியின் முகம்

அலுவலகத்தில் அவருக்கு உச்சி அண்ணன் என்று பெயர். வாளும் மந்திரமுமாக ஓடும் ஒரு கற்பனை ராஜ்ஜியத்து வீடியோ கேமுக்கு ஊர்சனத்தை உருவாக்கிக் கொடுப்பது அவர் வேலை. அந்த விளையாட்டில் கேமரா ஆகாயத்தில் நின்று கீழே பார்க்கும். ஆடுகிறவர் கண்ணுக்குத் தலையும் தோளும்தான் தெரியும். கேமரா பார்க்காததைச் செய்யாதே என்பது அந்தத் தொழிலில் எழுதாத சட்டம். மீறினால் கணினி திணறும், மேலாளரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆகவே கொல்லன், காவலாளி, பிச்சைக்காரி என்று எவருக்கும் அவர் முகம் வைத்ததில்லை. வழுக்கை, சுருட்டை, நரை என்று உச்சந்தலைகளாகவே செய்து குவித்தார். பட்டப்பெயர் வராமல் என்ன செய்யும்?

காய்ச்சலில் மகள் போன பிறகு, யாரிடமும் கேட்காமல், அந்த ஊர்க் கிணற்றடியில் ஒரு சிறுமியை நிறுத்தினார். கோணல் வகிடு, ஒன்று தூக்கி ஒன்று தாழ்ந்த இரட்டைப் பின்னல், மஞ்சள் கவுன். கோணல் அவர் கைவண்ணம். காலையில் மகளுக்குத் தலைவாரிவிட்டது அவர்தான்.

மனைவி சோறு தண்ணி இல்லாமல் சுருண்டு கிடந்த காலம் அது. பொறுக்க மாட்டாமல் ஒருநாள் அவளுக்குக் காட்டிவிட்டார். அன்றிலிருந்து சாயங்காலமானால் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள். ஆடுகிறவர் ஓட்டும் வீரனை நடத்திக்கொண்டுபோய்க் கிணற்றடியில் நிறுத்துவாள். சண்டையும் கிடையாது, புதையலும் கிடையாது, சும்மா நிற்பாள். அப்புறம் எழுந்துபோய் இரண்டு வாய் சாப்பிடுவாள்.

"முகம் இருக்குல்ல?" என்று ஒருதடவை கேட்டாள்.

"இல்லாம இருக்குமா? கேமராதான் மேல நிக்குது."

வாய் கூசாமல் சொல்லிவிட்டார். பாவம், மனிதர் வேறென்ன சொல்வார்?

புதிதாக வந்த இயக்குநர் கேமராவைக் கீழே இறக்கச் சொன்னார். இனி அது வீரனின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்குமாம். கிட்டே போனால் ஊர்சனம் திரும்பி வீரனைப் பார்க்க வேண்டுமாம். அலுவலகமே குதூகலித்தது, உச்சி அண்ணன் மட்டும் முகமில்லாத கிணற்றடிச் சிறுமியை நினைத்துக்கொண்டார். வீட்டில் சொன்னபோது மனைவியின் முகம் வெகுநாளைக்குப் பிறகு மலர்ந்தது.

"அப்போ அவளைப் பாக்கலாம்ல?"

"பாக்கலாம்."

கொல்லனுக்கும் காவலாளிக்கும் முகம் மளமளவென்று வந்தது. மகளிடம் வந்ததும் கை நின்றுவிட்டது. புகைப்படத்தைப் பார்த்துச் செய்தால் கடைப் பொம்மை மாதிரி இருந்தது. கண்ணை மூடினால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கடைசியாகப் பார்த்த முகமே வந்து நின்றது. வேறு வழியில்லாமல் அதையே செய்தார். மூடிய இமை, வறண்ட உதடு, அச்சு அசலாக வந்துவிட்டது. செய்து முடித்து மேசையில் தலைகவிழ்ந்து அழுதார்.

இயக்குநர் வந்து பார்த்தார். "நல்லாதான் இருக்கு. ஆனா கண்ணு தொறக்கணும் சார், வீரனைப் பாக்கணும்ல? இல்லேன்னா இந்தப் பொண்ணையே தூக்கிடலாம். கதைக்கு இவ தேவையில்ல."

தூக்கிவிட்டால் வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு பதில் சொல்வது? எல்லாருக்கும் பொதுவாகச் செய்து வைத்திருந்த கண்களில் ஒரு ஜோடியை எடுத்துப் பொருத்தினார். உதட்டுக்குக் கொஞ்சம் நிறம் கொடுத்தார். பக்கத்திலிருந்தும் எதிரிலிருந்தும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

புதிய பதிப்பை வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று மனைவி முகம் கழுவி, தலைவாரி, நல்ல துணி உடுத்தி வந்து உட்கார்ந்தாள். வீரனை மெல்ல நடத்தினாள். இவர் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கிணற்றடி வந்தது. சிறுமி திரும்பி நிமிர்ந்து பார்த்தாள். நெற்றி, மூக்கு, மோவாய் எல்லாம் அவளேதான்.

மனைவி வீரனை இந்தப் பக்கம் நகர்த்தினாள், அந்தப் பக்கம் நகர்த்தினாள். சிறுமியின் கண்கள் கூடவே வந்தன.

"அவதாங்க," என்றாள். வீரனை இன்னும் ஓரடி கிட்டே கொண்டுபோனாள். "ஆனா நாம யாருன்னே அவளுக்குத் தெரியல."