பின்பாட்டுக்காரர் பார்த்த படம்

ஊரில் எந்தப் பூட்டு மக்கர் பண்ணினாலும் பூட்டுக்காரரைத்தான் கூப்பிடுவார்கள். அப்படிப்பட்ட மனுஷர் தன் வாயைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டால் யார் திறப்பது?

காரணம் மச்சான். மனைவிக்குக் கூடப்பிறந்த ஒரே தம்பி, தையல்காரன். தாய் போனபின் அக்கா இடுப்பிலேயே வளர்ந்தவன். கடை சாத்தினதும் மாமனும் மச்சானும் சேர்ந்து நாட்டுப்பாட்டுப் பாடுவார்கள். அவன் ஓர் அடி எடுத்துக் கொடுப்பான், இவர் வாங்கிப் பாடுவார். போன கச்சேரியில் அவன் மைக்கைப் பிடித்து, "இவர்தான் நமக்குப் பின்பாட்டு" என்று சொல்லிவிட்டான். ஆமாம் சாமி போடுகிறவனையும் ஊர் அப்படித்தானே சொல்கிறது? கூட்டம் சிரித்தது. அன்றோடு இவருக்குப் பாட்டுமில்லை, அவனோடு பேச்சுமில்லை.

இப்போது அடுத்த கச்சேரி வந்துவிட்டது.

"இன்னைக்குள்ள பதில் சொல்லலேன்னா தம்பி வேற ஆளக் கூட்டிட்டுப் போறானாம்" என்றாள் மனைவி.

"போகட்டும்" என்றார். சொல்லிவிட்டாரே தவிர, மனசு கேட்கவில்லை. இத்தனை வருஷப் பாட்டை இன்னொருத்தன் வந்து வாங்கிக்கொள்வதா?

அந்த நேரம் மகள் டிவியில் ஒரு படம் போட்டாள். நாட்டுப்பாட்டுக்காரர்கள் இரண்டு பேர். கேமரா அவர்கள் வீட்டுக்குள் நுழைந்து அடுப்படிவரை போகிறது. ஒருவன் கேமராவைப் பார்த்து, "அவனுக்குத் தாளம் நிக்காது, நான்தான் சமாளிக்கிறேன்" என்கிறான். மற்றவன் பாத்திரம் துலக்கிக்கொண்டே, "எனக்குக் கோவமே இல்லீங்க" என்கிறான். ஒரே தட்டை, அதில் போட்டிருக்கும் பூ அழியும்வரை தேய்க்கிறான். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஏம்மா சிரிக்கிற? பாவம், அந்த ஆளு எவ்ளோ நொந்துபோயிருக்கான்."

"அப்பா, அது நெஜம் இல்ல. டாக்குமெண்டரி மாதிரியே எடுத்த காமெடி. வசனம்கூட எழுதலியாம். வாய்க்கு வந்தத பேசுறாங்க."

"எழுதாமலா? அப்ப என் மச்சான்தான் போய் நம்ம வீட்டுக் கதைய ஒப்பிச்சிருக்கான்."

"ஆமா, உங்க கதையக் கேக்க வரிசைல நிக்கிறாங்க" என்றாள் மனைவி. "போன மாசம் பூரா நீங்க ஒரே பூட்டத் தொடச்சிட்டிருந்தீங்க. நான் சிரிச்சேனா?"

திரையில் அந்த ஆள் தட்டை வைத்துவிட்டு இப்போது குழாயைத் தேய்க்க ஆரம்பித்திருந்தான். பூட்டுக்காரர் பல்லைக் கடித்துப் பார்த்தார். முடியவில்லை. தோள் குலுங்க, கண்ணில் நீர் வரச் சிரித்தார். சிரித்த கையோடு போனை எடுத்தார்.

"மாமா?"

"யாரோ வேற ஆளாமே. நல்லாப் பாடுவானா?"

"வேற ஆளா? அப்படி யாருமில்ல மாமா. நானே எடுத்து நானே வாங்கிப் பாத்தேன், மூச்சு முட்டுது. அக்கா ஏதாவது சொன்னாளா?"

பூட்டுக்காரர் திரும்பினார். மனைவி கண்கொட்டாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத விடு. மைக்குல இனி நான்தான் பேசுவேன்."

"பேசுங்க மாமா. இப்ப பாடலாமா?"

"எடு" என்றார். அவன் போனிலேயே முதல் அடியை எடுத்தான். இவர் தொண்டையைச் செருமினார். மனைவி படத்திலிருந்து கண்ணை எடுக்காமல், கையை மட்டும் நீட்டி டிவி சத்தத்தைக் குறைத்தாள்.