யம்னா டீச்சரின் தப்புச் சுவர்

யம்னாவுக்குக் கொடுத்த ஆசிரியப் பயிற்சியைப் பற்றிப் பேச்செடுத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். சமவெளி நகரத்துக் கூடம் ஒன்றில் உட்காரவைத்து, குழந்தை மனம் எப்படி வளர்கிறது என்று பிரெஞ்சில் யாரோ வாசித்தாராம். இவளும் எழுதிக்கொண்டாளாம். மூன்று வகுப்புப் பிள்ளைகள் ஒரே அறையில் இருந்தால் என்ன செய்வது, எங்கள் மலைப் பேச்சைத் தவிர வேறொன்றும் அறியாத பிள்ளைக்கு அரபில் கணக்கு எப்படிச் சொல்வது, இதையெல்லாம் ஒரு மகராசனும் சொல்லித்தரவில்லை. கையில் ஒரு தாளைக் கொடுத்து அட்லஸ் மலைக்கு ஏற்றிவிட்டார்கள்.

எங்கள் பள்ளிக்கு இரண்டே அறைகள். பெரிய பிள்ளைகள் என்னிடம், சின்னவர்கள் யம்னாவிடம். நடுவில் இருப்பது பேருக்குத்தான் சுவர். அவள் பாடம் நடத்துவதும் எனக்குக் கேட்கும், பிள்ளைகள் போன பிறகு மூக்கை உறிஞ்சுவதும் கேட்கும்.

எங்கள் நாட்டில் பாடம் நடத்த ஒரு வழி உண்டு. ஆசிரியர் அளவுகோலால் மேஜையில் ஒரு தட்டு தட்டினால் எல்லோரும் தங்கள் கைப்பலகையில் விடை எழுத வேண்டும். இன்னொரு தட்டு தட்டினால் எல்லோரும் ஒன்றாகப் பலகையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஆசிரியர் கண்ணுக்குச் சரியான விடை ஒன்று படும். சபாஷ் என்று சொல்லி அதைக் கரும்பலகையில் எழுதுவார். மற்றவர்கள் சட்டைக் கையால் துடைத்துவிட்டு அதைப் பார்த்து எழுதுவார்கள். தப்பாக எழுதியவனின் தப்பு சட்டைக் கையோடு போய்விடும். நானும் காலமெல்லாம் அப்படித்தான் நடத்தினேன், எனக்குப் பாடம் சொல்லித்தந்தவர்களும் அப்படித்தான் நடத்தினார்கள்.

ஒரு நாள் யம்னா, "யாரும் துடைக்காதீங்க!" என்று கத்தினாள். நான் பதறிப்போய் எட்டிப் பார்த்தேன். தப்பான பலகைகளையெல்லாம் வாங்கிச் சுவரில் ஆணி அடித்து மாட்டிக்கொண்டிருந்தாள். எதிலும் பேர் கிடையாது. பிள்ளைகளை அதன் முன்னால் உட்காரவைத்து, "இத எழுதினவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்? சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டாள். அதுவரை வாயே திறக்காத பிள்ளைகள் ஒன்றை ஒன்று முந்திக்கொண்டு பேசின.

"என்னம்மா இது, குப்பையச் சேத்து மாட்டி வெச்சிருக்க?" என்றேன்.

"குப்பைன்னா, நான் சொல்லிக்குடுத்த பாடமும் அதுலதான் கெடக்கு, சி மோஹா. எந்த எடத்துல கொட்டிச்சுன்னு பாக்க வேணாமா?"

பேருக்கு முன்னால் மரியாதைக்கு ஒரு 'சி' போட்டுக்கொண்டே என்ன திமிர் பாருங்கள்!

ஞாயிற்றுக்கிழமை சந்தையில் பள்ளத்தாக்கின் ஆசிரியர்கள் ஒரு டீக் கூடாரத்தில் கூடுவோம். எதற்கு? இடமாற்றம் கிடைக்கவில்லை என்று புலம்பத்தான். யம்னா அங்கே ஒரு மூட்டைப் பலகையோடு வந்து டீ கிளாசுகளுக்கு நடுவில் பரப்பினாள்.

"என்ன லல்லா, பலகை யாவாரமா? கிலோ என்ன வெல?" என்று ஒருவன், பெண்களை மரியாதையாகக் கூப்பிடும் 'லல்லா'வையும் போட்டே கிண்டலடித்தான். சிரித்தவர்கள் கொஞ்ச நேரத்தில் சண்டை போட்டார்கள். இந்தப் பிள்ளை ஏன் இப்படி எழுதியது, நாளைக்கு இதற்கு என்ன செய்வது என்று ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். அடுத்த சந்தைக்கு அவரவர் தங்கள் பள்ளிப் பலகைகளைக் கழுதை மேல் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். நான் டீ குடிக்கத்தான் போனேன். என் பையிலும் இரண்டு பலகை இருந்தது என்பது வேறு விஷயம்.

நல்லது நடந்தால் ஒருத்தனுக்காவது வயிறு எரிய வேண்டுமே! அரசுப் பள்ளியின் மானத்தைச் சந்தையில் விற்கிறாள் என்று யாரோ மேலே போட்டுக்கொடுத்துவிட்டான். ஆய்வாளர் சி புஷைப் நேரில் வருவதாகச் சொல்லி அனுப்பினார். அவருக்குப் பிடித்துவிட்டால் சந்தைக் கூட்டம் முறையான பயிற்சியாகிவிடும், உட்கார ஓர் அறையும் கிடைக்கும். பிடிக்காவிட்டால் சுவரும் போச்சு, கூட்டமும் போச்சு, யம்னாவுக்கும் மாற்றல்தான்.

விருந்தாளி வருகிறார் என்றால் எங்கள் ஊர்ப் பெண்களைக் கையில் பிடிக்க முடியாது. விடிந்ததும் வந்துவிட்டார்கள். அறைக்கு வெள்ளை அடித்தார்கள், கம்பளம் விரித்தார்கள், வெண்ணெயும் தேனும் கொண்டுவந்து வைத்தார்கள். முன்னால் நின்று வேலை வாங்கியவள் ஹத்தா. யம்னா சாயங்காலம் பெண்களுக்கு நடத்தும் வகுப்பில் எழுத்துக்கூட்டுகிறவள் அவள். அவள் மகள் இத்தோ சின்னவர்கள் வகுப்பில் முதல் பெஞ்சு.

யம்னா வந்து பார்த்தாள். சுவர் பளிச்சென்று இருந்தது. வாய்க்கால் ஓரம் பலகைகள் வரிசையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"சாம்பல் போட்டு தேச்சோம் லல்லா! கண்ணாடி மாதிரி மின்னுது பாருங்க!" என்றாள் ஹத்தா, முகமெல்லாம் பூரிப்பாக.

எனக்குத் தலையில் கைவைத்து உட்காரலாம் போல இருந்தது. யம்னா ஒரு பலகையை எடுத்து இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். ஆனாலும், "கை வலிச்சிருக்கும் ஹத்தா, உக்காருங்க" என்றுதான் சொன்னாள். பாவி, அந்த மனசு யாருக்கு வரும்!

ஆய்வாளர் வந்தார், வெற்றுச் சுவரைப் பார்த்தார். "எங்க அந்தச் சுவர்?"

"கழுவிட்டாங்க. புதுசா உண்டாகும், கொஞ்சம் இருங்க" என்று சொல்லிவிட்டு யம்னா கரும்பலகையில் எழுதினாள். ஐம்பத்திரண்டில் முப்பத்தேழு போனால் மீதி எவ்வளவு?

ஒரு தட்டு. இன்னொரு தட்டு. பலகைகள் மேலே வந்தன. ஒன்றிலும் ஓர் எழுத்து இல்லை.

"ஒருத்தருக்குமே தெரியாதா?" என்றார் சி புஷைப். யம்னா மலைப் பேச்சில் கெஞ்சிக் கேட்டுப் பார்த்தாள். மறுபடியும் வெறும் பலகைகள். இத்தோ கரும்பலகையைப் பார்க்கவே இல்லை. டீத் தட்டோடு வாசலில் நின்ற அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஹத்தாவுக்குப் புரிந்துவிட்டது. பெரியவர் முன்னால் தப்பாக எழுதினால் தோலை உரித்துவிடுவேன் என்று காலையில் மிரட்டியவளே அவள்தான். அவள் மட்டுமா, ஊரில் எல்லா அம்மாக்களும் அதையே சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள். தட்டைக் கீழே வைத்துவிட்டு மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். ஒரு பலகையை எடுத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எழுதித் தூக்கிக் காட்டினாள். இருபத்தைந்து.

"வேணும்னே தப்பா எழுதினீங்களா?" என்றார் சி புஷைப்.

"தப்பா எழுத நான் மெனக்கெடணுமா சி புஷைப்? அது தானா வரும்!"

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தன. ஹத்தா கோபப்படாமல் சொன்னாள்: "ரெண்டுலேருந்து ஏழு போகல. அதனால ஏழுலேருந்து ரெண்டக் கழிச்சேன்."

"நானும் அப்படித்தாம்மா நெனச்சேன்!" என்று இத்தோ கத்தினாள்.

யம்னா கேட்டாள்: "ஹத்தா, ஒங்ககிட்ட அம்பத்திரண்டு அக்ரூட் கொட்ட இருக்கு. முப்பத்தேழ நாத்தனாருக்குக் குடுத்துட்டீங்க. மிச்சம்?"

ஹத்தா விரல் விட்டு எண்ணினாள். "பதினஞ்சு. அவளுக்கு எதுக்கு முப்பத்தேழு? ...அட! அப்ப இந்தப் பலகையில மட்டும் பத்து கொட்ட எங்கேருந்து கூடுதலா வந்துச்சு?"

அவ்வளவுதான், வகுப்பே எழுந்துவிட்டது. ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். கடைசியில் இத்தோ விரல்களைப் பார்த்தபடி மெதுவாகச் சொன்னாள்: "அம்பதுலேருந்து ஒரு பத்த அவுத்து ரெண்டோட சேக்கணும்மா. அப்ப பன்னெண்டு. பன்னெண்டுல ஏழு போகும்மா!"

"போகுதே!" என்றாள் ஹத்தா. பலகையைத் துடைக்கக் கை போனது, பாதியில் நின்றது. "லல்லா, இத அந்த ஆணியில மாட்டுங்க. நான் கழுவின கடன் இதோட தீரட்டும்."

சி புஷைப் டீயைக் குடித்தார், தேனைத் தொட்டுக்கொண்டார், ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்பிவிட்டார். அந்த வாரம் முழுக்க யம்னாவுக்குச் சோறு இறங்கவில்லை. எனக்கும்தான்.

ஞாயிற்றுக்கிழமை கூடாரத்தில் எல்லோரும் ஆறிப்போன டீயோடு உட்கார்ந்திருந்தோம். சி புஷைப் குனிந்து உள்ளே வந்தார். துணியில் சுற்றிய ஒரு பலகையை எடுத்து டீ கிளாசுகளுக்கு நடுவில் வைத்தார்.

"நேத்து வேற ஒரு பள்ளிக்கூடத்துல பாத்தேன். இந்தப் பய ஏன் இப்படி எழுதினான்னு எனக்கு வெளங்கல. அறை கெடைக்கிற வரைக்கும் இங்கயே வெச்சுப் பேசுவோமா?"

யம்னா நகர்ந்து அவருக்கு இடம் விட்டாள். நான் சந்தோஷத்தைக் காட்டிக்கொள்ளாமல், "கொஞ்சம் இப்படித் திருப்புங்க, எனக்குத் தெரியல" என்று பலகையை என் பக்கம் இழுத்தேன்.